மதகில் இருபத்திரண்டு நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மதகுக்காரருக்கு வேலையே இருந்திருக்கக் கூடாது. நகரத்தில் பெரிய ஓட்டப்பந்தயம். கால்வாயின் இரண்டு கரைச் சாலைகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடப்போவதால் பகல் பன்னிரண்டு வரை வண்டியும் கிடையாது, படகும் கிடையாது என்று முந்தின நாளே அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அவர் தன் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்தபடி, நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரத்துறதுக்கு ஒரு நாய் கூட இல்லை. எதுக்குத்தான் இந்த ஓட்டம் ஓடுறாங்களோ," என்றார், அறையில் யாரும் இல்லாவிட்டாலும்.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு அந்த அறைதான். நகரத்தின் நடுவே கால்வாய் திடீரென்று மூன்று ஆள் உயரம் கீழே இறங்குகிறது. படகு என்ன மீனா, துள்ளிக் குதிக்க? அதற்காகக் கல்லில் இரண்டு பெரிய தொட்டிகள் கட்டி, முன்னும் பின்னும் நடுவிலும் இரட்டைக் கதவுகள் போட்டிருக்கிறார்கள்; எல்லாம் சேர்ந்ததுதான் மதகு. மேலிருந்து வருகிற படகு மேல் தொட்டிக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை வடிய விட்டால், படகு தானாகத் தாழ்ந்துவிடும். பிறகு நடுக்கதவைத் திறந்து கீழ்த் தொட்டிக்குள் விட்டு இன்னொரு முறை வடிக்க வேண்டும். தொட்டிக்குப் பதினோரு நிமிடம். மந்திரி வந்தாலும் பதினோரு நிமிடம்தான். தண்ணீர் வடியும் மதகைக் கூடுதலாகத் திறந்தால் சுழலில் படகு சுவரில் போய் மோதும். "தண்ணிக்கு அவசரம்னா என்னன்னு தெரியாதுங்க," என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

கேட்கிறவர்களுக்குக் குறைவில்லை. பேர்பெற்ற கால்வாய் அது. எங்கெங்கோ இருந்து வந்து பாலத்தில் சாய்ந்துகொண்டு படம் எடுத்துப் போவார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் குடிதண்ணீருக்காகத்தான் வெட்டினார்கள். மண்வெட்டியும் கூடையுமாக நாலாயிரம் பேர், பதினேழு வருஷம். தண்ணீர் வந்த பின்னாலேயே செங்கல் வந்தது, கரி வந்தது, வைக்கோலில் பொதிந்த பனிக்கட்டி வந்தது. நகரத்தில் பாதி வீடு அந்தப் படகுகளில் வந்து இறங்கியதுதான். அப்புறம் ரயில் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டது. கரையோரத் தொழிற்சாலைகள் சாயத்தையும் கழிவையும் கொட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாக்கடையாக்கின. ஒரு கட்டத்தில் மேலே மூடித் தார் ரோடு போட்டுவிடலாம் என்று வரைபடமே தயாராகிவிட்டது. கரையோரத்துக் குடித்தனக்காரர்கள், துணி துவைக்கும் பெண்கள் முதல் பள்ளி ஆசிரியர்கள் வரை, பாலத்துக்குப் பாலம் மறித்து உட்கார்ந்து அதைத் தடுத்தார்கள். இன்று படகு பஸ் ஓடுகிறது. ஆபீசுக்குப் போகிறவர்கள், காய்கறிப் பையோடு வருகிறவர்கள், மடியில் பூனையை வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போகிறவர்கள் என்று நாளுக்கு எண்பது நடை.

இந்தச் சரித்திரத்தில் ஒரு வரி பிசகினாலும் மதகுக்காரர் விடமாட்டார். சட்டம் என்றால் சட்டம், தேதி என்றால் தேதி. அப்படிப்பட்ட மனுஷருக்குத் தன் சரித்திரத்தில் மட்டும் ஒரு வரி பிசகியிருந்தது. அதை வீட்டில் கூடச் சொன்னதில்லை.

அவருக்கு ஒரே மகள். படகு பஸ்ஸின் டிக்கெட் கவுண்டரில் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன் படகு பஸ் ஓட்டும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மதகுக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை; அதன்பின் மகளோடு பேசவும் இல்லை. மதகு வழியாக மாப்பிள்ளையின் படகு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்கும். ஆறு தடவையும் அவர் படகுக்கு வழிவிடும் சிவப்பு, பச்சை விளக்கைப் பார்ப்பார், தண்ணீரைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார்.

"அவன்கிட்ட என்ன குறை?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

"என் மதகை இடிச்சவனுக்கு என் மகளா?" என்பதுதான் பதில்.

இடித்தது உண்மைதான். இரண்டரை வருஷம் முன்பு, கீழிருந்து மேலே வரும்போது, அவன் படகு கீழ்க்கதவின் இடது பக்கத்தில் போய் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கதவு கோணிக்கொண்டது. சிவப்பு விளக்கை மீறி ஓட்டுநர் உள்ளே வந்தார் என்று மதகுக்காரர் அறிக்கை எழுதினார். ஆறு மாதம் அவன் உரிமத்தை முடக்கி வைத்தார்கள். கதவைத் தட்டி நிமிர்த்தினார்கள் என்றாலும், அன்றிலிருந்து அது பாதித் திறப்பில் அடம்பிடிக்கும்.

மனைவி வாரம் மூன்று நாள் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புவாள். கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவள் எங்கே போகிறாள் என்று அவருக்குத் தெரியும். கேட்கமாட்டார். ஆனால் மகளுக்கு மாசம் ஏற ஏற, மனைவியின் முகத்தைப் பார்த்தே கணக்கு வைத்திருந்தார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பது அவர் கணிப்பு.

பத்து மணி இருக்கும். மேல்பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளையின் படகு. நாற்பது பேர் உட்காரும் படகு, ஆளில்லாமல் வருகிறது. உத்தரவை மீறி வருகிறான். மதகுக்காரரின் கை தன்னால் பதிவேட்டின் பக்கம் போனது. நேரம் எழுதி, படகின் எண்ணை எழுதி, காரணம் என்று எழுதும்போது நிமிர்ந்து பார்த்தார். முன்பக்கத்தில் ஒரு பெண் நின்று இரண்டு கையாலும் துண்டை வீசிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி.

பேனா எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.

"வலி வந்துடுச்சுங்க," என்று அவள் கத்தினாள். "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஆம்புலன்ஸ் தெரு முக்குல நிக்குது, கூட்டத்தைத் தாண்டி வர முடியல. கதவைத் தொறங்க."

மேல் தொட்டி நல்லவேளையாக நிரம்பியிருந்தது. கதவு விரிந்தது, படகு மெல்ல உள்ளே வந்தது. அவன் சுவரில் உரசாமல் கொண்டுவந்து நிறுத்திய பக்குவத்தை, அந்த அவசரத்திலும், அவர் கண் கவனிக்கத்தான் செய்தது. கதவைச் சாத்தி மதகைத் திறந்துவிட்டு, முதல் காரியமாக ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். அது கீழே, கால்வாய்க் கரையிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் நோயாளிகளைப் படகில் ஏற்றி வருவார்களாம். அதற்காகக் கட்டிய படித்துறை இன்னும் இருக்கிறது. "ஸ்ட்ரெச்சரைப் படித்துறைக்குக் கொண்டாங்க. வாசலுக்கு இல்லை, பின்னாடி, தண்ணிப் பக்கம்," என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கத்துக் கதவுக்குச் சாவி யாரிடம் என்று அங்கே தேட ஆரம்பித்தார்கள்.

பிறகு வெளியே வந்து தொட்டியின் விளிம்பில் நின்றார்.

மகள் பின்பக்க நீள இருக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒன்றரை வருஷமாகப் பார்க்காத முகம். உப்பியிருந்தது, வேர்த்திருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

"அப்பா," என்றாள்.

அவருக்கு எத்தனையோ பேச வேண்டும். வாயில் வந்தது என்னவோ, "பதினோரு நிமிஷம் ஆகும்மா," என்பதுதான்.

"தெரியும்ப்பா. உங்க மகதானே."

படகு தாழத் தொடங்கியது. கரையில் ஓடுகிறவர்களைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மகள், "எனக்கா தட்டுறாங்க?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான். மூச்சை விடு," என்றாள் அம்மா.

மாப்பிள்ளை மனைவியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் பிடித்திருந்த கையை விடுவிக்கத் தெரியாமல், இன்னொரு கையால் ஈரத்துணியை அவள் நெற்றியில் ஒற்றினான். மேலே நின்றவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, கொஞ்சம் சீக்கிரம் வடிக்க முடியாதா?"

இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். மற்றவர்களிடம் சொல்கிற பதிலை இவனிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "முடிஞ்சா செய்ய மாட்டேனா," என்றார். "வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் வருது?"

"நாலு."

"அப்ப நேரம் இருக்கு. உங்க அத்தையை எட்டு மணி நேரம் படுத்திட்டுத்தான் இவ வந்தா."

"ஒன்பது," என்றாள் மனைவி கீழிருந்து. "நீங்க பாதியில வேலைக்குப் போயிட்டீங்க."

மகள் சிரித்தாள். அடுத்த நொடியே சிரிப்பு வலியின் அலறலாக மாறி, கல்சுவரெல்லாம் எதிரொலித்தது. மதகுக்காரர் விளிம்பில் முன்னும் பின்னும் நடந்தார். தண்ணீரின் அளவைக் காட்டும் கோட்டைப் பார்த்தார். ஒரு கோடு இறங்கியது. திரும்பி வந்து பார்த்தார். அதே கோடு. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பதினோரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நடுக்கதவு திறந்தது. படகு கீழ்த் தொட்டிக்குப் போனது. மறுபடி கதவைச் சாத்தி, மறுபடி மதகு, மறுபடி காத்திருப்பு. இப்போது படகு கிணற்றுக்குள் போவதுபோல் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து மகளின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. வலி மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என்றாகிவிட்டது.

கடைசியாகக் கீழ்க்கதவுக்கான பொத்தானை அமுக்கினார். வலது கதவு வழக்கம்போல் திறந்தது. இடது கதவு பாதியில் நின்றது. மோட்டார் உறுமியது, தீய்ந்த வாசனை வந்தது. மற்ற நாளென்றால் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்பார். பாதித் திறப்பில் அந்தப் படகு நுழையாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கைச்சக்கரத்தை எடுத்து அச்சில் பொருத்தினார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சக்கரம்; இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுற்ற வேண்டியது. அவர் தனியாகத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

கேட்காமலே மாப்பிள்ளை இரும்பு ஏணியைப் பிடித்து மேலே வந்துவிட்டான். எதிர்க் கைப்பிடியைப் பிடித்தான். முகத்துக்கு முகம் ஒரு முழத் தூரம். வானத்தைப் பார்க்கவும் வழியில்லை, தண்ணீரைப் பார்க்கவும் வழியில்லை.

"நான் இடிச்ச கதவுதானே மாமா. நானே தொறக்கறேன்," என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. மனைவியின் வலியில் பாதி அவன் முகத்தில் இருந்தது. குத்திக்காட்ட அங்கே இடமே இல்லை. அதனால்தானோ என்னவோ, மதகுக்காரரால் அதைத் தாங்க முடியவில்லை. நாலு சுற்றுச் சுற்றினார்கள். ஐந்தாவது சுற்றில் அவர் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு விளக்கு பச்சையாத்தான் இருந்துச்சு."

அவன் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"கதவு முழுசா விரியறதுக்குள்ள பச்சையைப் போட்டுடுவேன். அரை நிமிஷம் மிச்சமாகட்டும்னு. வருஷக்கணக்கா அப்படித்தான் பழக்கம். அன்னைக்குக் கதவு லேசா சிக்கிடுச்சு. நான் பார்க்கலை. நீ மோதின பிறகு சிவப்பாக்கினேன். சிவப்புன்னு எழுதிட்டேன்." மூச்சு வாங்கியது. "உன் மேல தப்பே இல்லை. என் தப்பு."

"தெரியும் மாமா," என்றான் அவன்.

"தெரியுமா?"

"ஓட்டினவன் நான். பச்சையைப் பார்க்காமலா வருவேன்?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லாம இல்லை. கோவமா ரெண்டு பக்கம் எழுதினேன். புகார்க் கடிதமெல்லாம் டிக்கெட் கவுண்டர்லதான் கொடுக்கணும். எடுத்துட்டுப் போனா, ஜன்னலுக்கு உள்ள இவ உட்கார்ந்திருந்தா. என்ன வேணும்னு கேட்டா." சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. "ஒரு டிக்கெட் கொடுங்கன்னு சொல்லிட்டேன்."

"படகு ஓட்டுறவனுக்கு எதுக்கு டிக்கெட்?"

"அதைத்தான் அவளும் கேட்டா."

மதகுக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டரை வருஷமாக இந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அவன் அல்ல, தன்னுடைய அந்த ஒரு வரிதான் என்பது அவருக்கு எப்போதோ தெரியும். பிறருக்குச் செய்த துரோகத்தை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, துரோகத்துக்கு ஆளானவன் மேலேயே கோபப்படுவது எவ்வளவு வசதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு சரியில்லை என்று இலையைத் தள்ளிய கதை.

மேலே முணுமுணுத்தாலும் கீழே கேட்கிற கல்தொட்டி அது. எல்லாம் கீழே போய்ச் சேர்ந்திருந்தது.  அங்கிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, உங்களை அப்புறம் வெச்சுக்கறேன். இப்ப கதவைத் தொறங்க."

கதவு க்ரீச்சென்று ஒரு முனகல் முனகிவிட்டு விரிந்தது. முழுசாக விரிந்ததா என்று மதகுக்காரர் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். அதன் பிறகுதான் பச்சையைப் போட்டார். மாப்பிள்ளை ஏணியில் இறங்கி ஓடினான்.

"நீங்களும் வாங்களேன்," என்றாள் மனைவி, அண்ணாந்து பார்த்து.

பணி நேரத்தில் மதகை விட்டு அவர் நகர்ந்ததே கிடையாது. ஆனால் பன்னிரண்டு மணிவரை இன்னொரு படகு வரப்போவதில்லை. நடுக்கதவு பத்திரமாகச் சாத்தியிருந்தது. அவர் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில், அந்த இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். மாப்பிள்ளை கடைசிப் படியில் அவர் கையைப் பிடித்து உள்ளே வாங்கிக்கொண்டான்.

மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் அவர் கையை எடுத்து எலும்பு நொறுங்க இறுக்கினாள். கோபத்தில் இறுக்கினாளா வலியில் இறுக்கினாளா என்று அவர் கேட்கவில்லை. இரண்டுமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நாலு பாலம் கடக்கும்வரை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

படித்துறையில் இரண்டு நர்சுகள் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்துத்தான் வந்திருந்தார்கள். ஐம்பது நிமிடத்தில் குழந்தை பிறந்தது. பெண். மூன்று வாரம் முந்திக்கொண்டு வந்ததால் கொஞ்சம் மெலிவு. குரல் மட்டும் படகு ஹாரனுக்குச் சவால் விடும்.

மதகுக்காரர் அன்று பன்னிரண்டு மணிக்குள் திரும்பிப் போய் மதகைத் திறந்தார். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், உத்தரவை மீறிப் படகை விட்டது, பணியிடத்தை விட்டுப் போனது, இரண்டரை வருஷத்துக்கு முன் பொய் அறிக்கை எழுதியது என்று மூன்றையும் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மேலதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதல் ரெண்டும் புரியுது. மூணாவது யாருக்குமே ஞாபகம் இல்லாத விஷயம். எதுக்குக் கிளறுறீங்க?"

"அவன் பேர்ல அது இன்னும் இருக்குங்க. மாப்பிள்ளைங்கறதுக்காக இல்லை. தேதி, விவரம் எல்லாம் சரியா இருக்கணும்."

மாப்பிள்ளையின் பதிவிலிருந்து அந்தக் குற்றத்தை நீக்கினார்கள். மதகுக்காரரை இரண்டு மாதம் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் இடத்துக்கு வடக்கு மதகிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

மகள் லேசில் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தவரின் முன்னால் வந்து நின்றாள்.

"ஆறு மாசம் அவர் வீட்ல சும்மா உட்கார்ந்திருந்தார்ப்பா. ஒரு தடவை கூட உங்களைத் திட்டலை. நான் திட்டினேன், எதுக்கு எங்கப்பா போட்ட விளக்கை மீறினீங்கன்னு. அதையும் கேட்டுக்கிட்டார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஊக்கைக் குத்தினார். "அதுக்கும் நான்தான் மன்னிப்பு கேட்கணும்."

"என்கிட்டயா, அவர்கிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும். எந்த வரிசையில கேட்கணும்னு நீயே சொல்லு."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். அவர் இருந்து சாப்பிட்டுவிட்டே போனார். மறுநாளும் வந்தார். மனைவிக்குக் கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பும் வேலை மிச்சமாயிற்று.

தடுப்பூசிக்குக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் அவரும் படகு பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் வாங்கித்தான் ஏறினார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். மேல் தொட்டிக்குள் படகு நுழைந்தது, கதவு சாத்திக்கொண்டது, தண்ணீர் வடியத் தொடங்கியது. இரு பக்கமும் ஈரக் கல்சுவர் மெல்ல உயர்ந்தது. இடுக்குகளில் பாசியும் பொடிப்பொடியான செடிகளும் முளைத்திருந்தன. ஒவ்வொரு கல்லிலும் உளி பட்ட தடம். கொத்தினவன் பேர் யாருக்குத் தெரியும்? எத்தனையோ பேருக்குக் கதை சொன்னவர், அந்தத் தடங்களை இவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தார். வேறெங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாததால் நிதானமாகவே பார்த்தார்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "இந்த மதகுல மட்டும் எதுக்குங்க இவ்வளவு நேரம்?"

மதகுக்காரர் உதட்டில் விரலை வைத்து மடியைக் காட்டினார். குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.